அடம்பிடித்த கார்பைன்

ஒரு யந்திரம் சண்டித்தனம் செய்தால், அதைக் கடைசியாகத் தொட்டவன் உலகத்தில் இருக்கிற எல்லோரையும் சந்தேகப்படுவான், தன்னைத் தவிர. நானும் அந்த ரகம்தான். அதிலும் என்னோடு பிறந்த பிடிவாதம் வேறு சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம்.

நான் கல்கத்தாவுக்கு வந்து இறங்கியது ஒரு சித்திரை மாதம். பவானிப்பூரில் அக்கா வீட்டில் ஜாகை. அத்திம்பேர் ரயில்வே ஆபீசில் பெரிய குமாஸ்தா. அவர் யார் யாரையோ பிடித்து, ஒரு வெள்ளைக்காரனுடைய துப்பாக்கிக் கடையில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். (மூட்டைப்பூச்சியைக்கூட நசுக்காமல் வாசலில் கொண்டுபோய் விடுகிற குடும்பம் எங்களுடையது. அதனால் ஊருக்கு எழுதும்போது ‘இரும்புச் சாமான் கம்பெனி’ என்று எழுதினோம்.) வேலை தற்காலிகம்தான். நிரந்தரமானால் ஒழியப் பெண்ணை அனுப்பமாட்டேன் என்று கும்பகோணத்தில் மாமனார் கறாராகச் சொல்லிவிட்டார். ஆகவே என் குடித்தனம் மொத்தமும் அந்தக் கடைச் சாகேபின் ஒரு கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

கடையில் எனக்கு எழுத்து வேலையோடு துப்பாக்கிகளைத் துடைத்து எண்ணெய் போடும் வேலையும் உண்டு. முதல் நாளே சாகேப் ஒரு புட்டி எண்ணெயைக் கொடுத்தார். மேலே ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தேன். மாட்டுக் குளம்பைக் காய்ச்சி எடுத்த எண்ணெயாம்! கையை இரண்டு தரம் கழுவிக்கொண்டேன். வேலையை விடவும் முடியாது, புட்டியைத் தொடவும் முடியாது. மறுநாள் அக்காவின் தலைக்கு வைக்கும் தேங்காய் எண்ணெயை ஒரு குப்பியில் ஊற்றி, மேல்துணியில் மறைத்துக் கொண்டுபோனேன். கோடை முழுதும், மழைக்காலம் முழுதும் எங்கள் கடைத் துப்பாக்கிகள் தேங்காய் எண்ணெயில் மினுமினுத்தன. சாகேப் என் கையைப் பாராட்டினார். நான் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன்.

தை மாதம் அஸ்ஸாமிலிருந்து ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை வந்தார். தோட்டக் காவலர்களுக்குக் கார்பைன் வேண்டுமாம். கார்பைன் என்றால் குட்டையான துப்பாக்கி. குழலுக்கு அடியிலே இன்னொரு குழாய் இருக்கும். அதில் வரிசையாகத் தோட்டாக்களை அடைத்துவிட்டு, கைப்பிடிக்குக் கீழே உள்ள நெம்புகோலை இறக்கி ஏற்றினால், குழாயில் இருக்கும் சுருள்வில் ஒவ்வொரு தோட்டாவாகத் தள்ளிக் கொடுக்கும். காவலர்களின் ரிவால்வருக்குப் போடுகிற அதே தோட்டா இதற்கும் பொருந்தும் என்பதுதான் துரைக்குப் பிடித்த சங்கதி.

கார்டன் ரீச்சில் ஆற்றங்கரையை ஒட்டி ஒரு மண்மேடு. விடியற்காலையில் அங்கே சுட்டுக் காட்ட ஏற்பாடு. துரை முதல் குண்டைச் சுட்டார். நெம்புகோலை இறக்கி ஏற்றினார். விசையை இழுத்தார். ‘டிக்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அடுத்த தோட்டா வந்து சேரவே இல்லை. சாகேபின் காது சிவந்துவிட்டது.

“நான் கண்டுபிடித்துச் சரிசெய்கிறேன், சார்” என்று முன்னே போய் நின்றேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.

“துரை சனிக்கிழமை கப்பல் ஏறுகிறார்” என்றார் சாகேப். “அதற்குள் இது சுட்டால் உனக்கு வேலை நிரந்தரம். சுடாவிட்டால் நீ மதராஸ் ரயில் ஏறலாம்.”

கடைக்கு வந்து மத்தியானம் மருந்தில்லாத போலித் தோட்டாக்களைப் போட்டுப் பார்த்தேன். அடடா, வெண்ணெயாக வேலை செய்தது! ஆகவே குற்றம் நிஜத் தோட்டாவில்தான் என்று தீர்மானித்து, ஒரு பெட்டித் தோட்டாவையும் அளவுகோல் வைத்து அளந்தேன். எல்லாம் ஒரே அளவு. எதற்கும் இருக்கட்டும் என்று குழாய்க்குள் தாராளமாக எண்ணெய் விட்டேன். மறுநாள் காலை ஆற்றங்கரையில் மறுபடியும் ‘டிக்’. துரை நெம்புகோலை முழுக்க இறக்கவில்லை என்று துரையிடமே சொன்னேன். (அன்று என்னை ஆற்றில் தள்ளாதது அவருடைய பெருந்தன்மை.) கடைக்குத் திரும்பி, குழாயில் எங்காவது சொட்டை விழுந்திருக்கிறதா என்று அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தேன். மழமழவென்றிருந்தது. மத்தியானம் மறுபடி போலித் தோட்டாக்களைப் போட்டால் மறுபடி வெண்ணெய். விடுவேனா? இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டேன்.

“ராகு காலத்திலே சுடறேளோ என்னமோ?” என்றார் அத்திம்பேர், சாப்பிட்டுக்கொண்டே.

“விடிகார்த்தாலே ஏது ராகு காலம்?”

“அப்போ சூலமா இருக்கும். பேசாம ஊருக்குப் போற வழியைப் பாரு. டிக்கெட்டுக்கு நான் சொல்லி வைக்கறேன்.”

“அது சுடாம நான் ரயிலேற மாட்டேன், அத்திம்பேர்.”

“அது சுட்டா நீ எதுக்குடா ரயிலேறப் போறே?” என்று கேட்டுவிட்டு அவர் ரசம் கேட்டார்.

சனிக்கிழமை காலை நல்ல பனி. எதிர்க்கரை தெரியவில்லை. துரை கப்பலுக்குப் புறப்படும் கோலத்தில் நின்றார். ஒரு குண்டு வெடித்தது. அப்புறம் ‘டிக்’. சாகேப் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வந்த அழுகை கோபமாக மாறியது. கார்பைனைத் துரையின் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினேன். குழலுக்குள் தோட்டா இல்லை என்று பார்த்துக்கொண்டு, குழாயின் மூடித் திருகைக் கழற்றினேன். கழற்றினால் சுருள்வில் பாம்பு மாதிரி வெளியே துள்ள வேண்டும். அது அசையவே இல்லை. குழாயைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டினேன். மெழுகுவத்தி மாதிரி ஒரு வெள்ளைத் துண்டு விழுந்தது. முகர்ந்து பார்த்தேன். அக்காவின் தலைமயிர் வாசனை.

குளிரில் எண்ணெய் உறைந்திருக்கிறது! மத்தியான வெயிலில் இளகிவிடும், விடியற்காலையில் கட்டிக்கொள்ளும். மருந்து என்று நினைத்து நான் தினமும் ஊற்றியதுதான் வியாதி. எங்கள் வீட்டிலே அக்கா அந்த மாதம் முழுதும் எண்ணெய்க் கிண்ணத்தை அடுப்போரம் வைத்துத்தான் தலைவாரிக்கொண்டிருந்தாள். அதைத் தினமும் பார்த்த கண்தான் என் கண்.

கொஞ்சம் தள்ளிக் கரியடுப்பில் துரைமார்களின் தேநீருக்காகக் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. ஓடிப்போய்த் தூக்கினேன். “ஸர்போனாஷ்! பாபு, கீ கொர்சென்?” என்று தேநீர் போடும் பேரா வங்காளியில் அலறினான். குடி கெட்டது, என்ன செய்கிறீர்கள் என்று அவன் கேட்டதற்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. சுருள்வில்லையும் மீதித் தோட்டாக்களையும் இழுத்து எடுத்துவிட்டு, அவ்வளவு வெந்நீரையும் குழாய்க்குள் விட்டேன். வெண்மையாக வழிந்த எண்ணெய் முழுதும் சாகேபின் பூட்ஸில் இறங்கியது. மேல்துணியைச் சுருட்டி உள்ளே விட்டுத் துடைத்து, ஊதி, சுருள்வில்லை மாட்டி, தோட்டாவை அடைத்துத் துரையிடம் நீட்டினேன். வெடித்தது. நெம்புகோலை இறக்கி ஏற்றினார். மறுபடி வெடித்தது. குழாய் காலியாகும் வரை ஒரு ‘டிக்’ இல்லை. எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. உண்மையில் குதித்தும்விட்டேன்.

“என் பூட்ஸில் இருப்பது என்ன?” என்றார் சாகேப்.

“தேங்காய் எண்ணெய், சார்.”

“அது எதற்கு உபயோகப்படுவது?”

“தலைக்கு, சார்.” அவர் பார்வை என் குடுமியில் போய் நின்றது. “துப்பாக்கிக்கும்” என்று மெதுவாகச் சேர்த்தேன்.

துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரித்து முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. கார்பைன்களை வாங்கிக்கொள்கிறேன், ஆனால் இந்த ஆள் அவற்றுக்கு எண்ணெய் போடக்கூடாது என்று நிபந்தனை போட்டார். தேயிலைத் தோட்டத்துக்காரருக்கு அன்று ஒரு வாய்த் தேநீர் கிடைக்கவில்லை. சாகேப் சொன்ன சொல் தவறாதவர். என்னை நிரந்தரமாக்கினார், கடையின் பின்கட்டில் இருந்த மண்ணெண்ணெய் விளக்குப் பிரிவில். ஓய்வு பெறும் வரை ஒரு துப்பாக்கியையும் நான் தொட அனுமதிக்கப்படவில்லை.

பங்குனியில் என் மனைவி வந்து சேர்ந்தாள். அவள் டிரங்குப் பெட்டியை வண்டியிலிருந்து இறக்குவதற்குள் அத்திம்பேர் முழுக் கதையையும் சொல்லி முடித்துவிட்டார். என் மானம் அன்றோடு போயிற்று. போன மாதம்கூட, எங்கள் பெரிய பையன் தன்பாத் சுரங்கக் கம்பெனி வேலைக்குப் போகவே கூடாது என்று நான் சொல்லிவிட்டு, சாப்பிடக் கூப்பிட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பையன் கெஞ்சினான், மாட்டுப்பெண் கெஞ்சினாள். நான் அசையவில்லை. சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல் மட்டும் வந்தது.

“கெட்டில் காஞ்சிண்டிருக்கு. தானா இளகறேளா, நான் வந்து வெந்நீரை விடட்டுமா?”

பையன் தன்பாத்தில் சௌக்கியமாக இருக்கிறான்.