மாதிரிப் பதிவும் கிளறன்ஸ் அண்ணனின் குடைகளும்

வாசகப் பெருமக்களே, வலைப்பூக்காரர் என்றோர் இனம் நம்மிடையே உலவுகிறது. வலைப்பூவில் எழுதுகிறவரைச் சொல்லவில்லை. அவர் பாவம், எழுதிவிட்டுத் தன் பாட்டில் போய்விடுவார். நான் சொல்வது வலைப்பூவை அமைக்கிறவரை. அமைப்பார், அமைப்பார், அமைத்துக்கொண்டே இருப்பார். எழுதமாட்டார்.

கெலிஓயாவில் பஸ் ஏறிப் பக்கத்தில் வந்து உட்காருவார். நீங்கள் ஒன்றும் கேட்டிருக்கமாட்டீர்கள். ஆனாலும் ஆயத்த டெம்ப்ளேட் ஒன்றை இறக்கிக்கொண்டால் போதும் என்றும், தலைப்பு, தேடல் பெட்டி, எழுதியவரின் வட்டப்படம், இரவில் பக்கத்தைக் கறுப்பாக்கும் பொத்தான் உட்பட எல்லாம் அதோடு கூடவே வந்துவிடும் என்றும், மிச்சம் நாம் எழுதுவது மட்டும்தான் என்றும் பேராதனை வரை விளக்குவார். மட்டும்தானாம்!

வீட்டிலும் இதே கூத்துத்தான். தலைப்புக்கு இலைப்பச்சையா, தேயிலைப்பச்சையா என்று சோறு ஆறும்வரை மனைவியிடம் அபிப்பிராயம் கேட்பார். "ரெண்டும் பச்சதானே, தின்னுங்களே" என்பாள் அவள். கலை தெரியாதவள் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வார். வாய்விட்டுச் சொல்லும் தைரியம் அவருக்கு இல்லை.

அது யார் என்று ஊகித்துக் களைக்க வேண்டாம். மனைவியின் பெயர் ரிஸ்னா. அவரின் பெயர் ரஸீன். இதை எழுதிக்கொண்டிருப்பவரும் அவர்தான்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை. அங்கே களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் புசல்லாவைக் கிளறன்ஸ் அண்ணன். ஒரே பஸ்ஸில் போய் ஒரே பஸ்ஸில் திரும்புகிறவர்கள் நாங்கள். ஓய்வுபெற ஒரு மாதம் இருக்கையில் அவர் கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டார்.

"ரஸீன், நீங்க அமைக்கிற அந்தத் தளத்துல என்னப் பத்தி ரெண்டு வரி எழுதுறீங்களா? மெல்பேர்ன்ல இருக்க மக ஜெஸ்மினுக்கு அனுப்பணும். அப்பா காலையில போவாரு, பொழுதுபட வருவாருன்னுதான் அவளுக்குத் தெரியும். அங்க என்னா செஞ்சேன்னு தெரியாது."

"ரெண்டு வரியா? ஒரு முழுப் பக்கமே போடுறன் அண்ணன்" என்றேன்.

பக்கம் அன்றைக்கே தயார். மேலே 'கிளறன்ஸ்: எங்கள் களஞ்சியத்தின் காவலர்' என்று பெரிய எழுத்தில் தலைப்பு, பக்கத்தில் வட்டத்துக்குள் அவர் சிரிக்கும் படம். கீழே டெம்ப்ளேட்டோடு வந்த ஆங்கில மாதிரிப் பதிவு. தமிழ் எழுத்துரு எப்படி விழுகிறது என்று பார்க்கத் தமிழில் ஏதாவது வேண்டுமே? சாதாரண மனிதன் என்றால் கிளறன்ஸ் அண்ணனைப் பற்றி நாலு வரி எழுதிப் பார்த்திருப்பான். நான் அந்த மாதிரிப் பதிவைத் தமிழில் மொழிபெயர்த்தேன்! அதுவும் எப்படி? அகராதியை விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக இழைத்து இழைத்து.

"இதெ மொழிபெயர்க்கிற நேரத்துக்கு அந்த மனுசரப் பத்தி எழுதி முடிச்சிருக்கலாமே" என்றாள் ரிஸ்னா.

"மொதல்ல எழுத்துரு சரியா வரணும்."

"அவரு எழுத்துருவா கேட்டாரு?"

இப்படியெல்லாம் கேட்டால் படைப்பு மனநிலை கெடும் என்பது இவர்களுக்கு விளங்காது. நானும் பந்திகளின் இடைவெளியைத் திருத்தப் போய்விட்டேன். திருத்தித் திருத்தி மாதம் முடிந்துவிட்டது.

பிரியாவிடையன்று கிரிபத் என்கிற பாற்சோறு, வாழைப்பழம், பேச்சுகள் எல்லாம் ஒழுங்காக நடந்தன. கடைசியில் தினேஸ் என்ற நண்பர், எனக்கு நன்மை செய்வதாக எண்ணி, அந்தப் பக்கத்தை ப்ரொஜெக்டர் வைத்துச் சுவரில் பெரிதாகப் போட்டுவிட்டார். சிங்கள நண்பர்கள் "லஸ்ஸனய்" என்று வியந்தார்கள். வட்டப்படம் உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. நல்ல குரலுள்ளவள் என்று யாழ்ப்பாணத்துப் பிள்ளை யசோதினியை வாசிக்கச் சொன்னார்கள்.

"இது ஒரு மாதிரிப் பதிவு. இதனை அழித்துவிட்டு உங்கள் சொந்தக் கதையை எழுதுங்கள்."

நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். "ரஸீன் அண்ணை, மிச்சம் எங்க?"

மிச்சம் எங்கே இருக்கிறது? தமிழ் தெரியாதவர்கள் பலமாகக் கைதட்டினார்கள். தெரிந்தவர்கள் வாழைப்பழத்தை உரித்தார்கள். கிளறன்ஸ் அண்ணன் மட்டும் எழுந்து வந்து, "எழுத்து நல்லா தெளிவா இருக்கு" என்றார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

திரும்பும் பஸ்ஸில் தன் போனை என்னிடம் நீட்டினார். என்னை நம்பிக் காலையிலேயே மகளுக்கு இணைப்பை அனுப்பியிருக்கிறார். ஜெஸ்மின் பதில் போட்டிருந்தாள்: "அப்பா, உங்கள அழிச்சிட்டு எழுதச் சொல்லுது!" பக்கத்தில் சிரிக்கும் மஞ்சள் முகம் ஒன்று. அவர் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்தப் போனிலேயே, தலைப்பில்லாமல், நிறமில்லாமல், ஜெஸ்மினுக்குத் தட்டினேன்:

"மகள், நான் ரஸீன். உங்கட அப்பாவின் களஞ்சியத்தில் ஓர் அலுமாரி நிறையக் குடைகள். மழை நாளில் நனைந்து வருகிற பிள்ளைகளை முதலில் ஏசுவார். பிறகு குடை கொடுப்பார். திரும்பி வருகிற குடை குறைவு. அடுத்த மழைக்கு எங்கிருந்தோ இன்னொன்று கொண்டுவந்து வைப்பார். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் முதல்நாள் பெட்டியோடு வந்து, சிங்களம் வராமல் முழித்துக்கொண்டு நின்றால், களஞ்சியத்தைப் பூட்டிவிட்டுக் கூடவே விடுதி வரை போய்ப் பேசிக் கொடுத்துவிட்டு வருவார். மேலிடத்தில் கேட்டால் தேநீர் குடிக்கப் போனேன் என்பார். அவர் தேநீர் குடித்து நான் கண்டதில்லை."

அவ்வளவுதான். ஒரு மாதமாக வராத எழுத்து பேராதனைப் பாலம் தாண்டுவதற்குள் வந்துவிட்டது.

பதில் உடனே வந்தது. "ஐயோ! அப்ப வீட்டுக் குடையெல்லாம் அங்கயா போச்சு? நான்தான் தொலைச்சேன்னு அம்மா என்னைய எத்தன தடவ ஏசுனாங்க!" அடுத்த நிமிடம் அழைப்பே வந்துவிட்டது. கிளறன்ஸ் அண்ணன் போனைக் காதில் வைத்து, "இல்லம்மா, அந்த நீலக் குடை மட்டும் நா எடுக்கல" என்று ஆரம்பித்தார். நான் கெலிஓயாவில் இறங்கும்போதும் பேசிக்கொண்டே இருந்தார். எனக்குக் கை காட்டவும் மறந்துபோனார்.

அந்தச் செய்தியைத் தளத்தில் போட்டுவிட்டாயா என்று கேட்கிறீர்கள். போடுவேன். கடைசிப் பந்தி கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கி நிற்கிறது, அதைச் சரிசெய்துவிட்டால் முடிந்தது.

சிரிக்கிறீர்கள், நல்லது. யாருக்கோ எழுதித் தருவதாக நீங்களும் சொன்ன ஒன்று இருக்குமே? முதலில் நல்ல மேசை ஒன்று வாங்க வேண்டும், அறைக்கு வெள்ளையடிக்க வேண்டும், பிறகுதான் அது என்று தள்ளி வைத்திருக்கிறீர்களே, அதைத்தான் சொல்கிறேன். கூச்சப்படாதீர்கள். காலைப் புசல்லாவை பஸ்ஸில் ஏறுங்கள். கிளறன்ஸ் அண்ணனின் இடம் இப்போது காலி. வந்து உட்காருங்கள், எந்த டெம்ப்ளேட் நல்லது என்று பேராதனை வரை விளக்குகிறேன்.