வெள்ளத்தில் நின்ற வக்கீல் ஜிப்பா

மட்டாஞ்சேரி,
18-7-1981

அன்பும் மரியாதையும் மிகுந்த மச்சான் செல்லப்பா அவர்களுக்கு, தங்கை மாப்பிள்ளை அழகர் கைகூப்பி எழுதிக்கொண்டது. நானும் உங்கள் தங்கை மாயம்மாளும் பிள்ளைகள் இருவரும் போன வாரம் இடுப்பளவு தண்ணீரில் சுகமாக இருந்தோம், இந்த வாரம் கணுக்கால் சேற்றில் சுகமாக இருக்கிறோம். சங்கரன்கோவிலில் துளி மழை இல்லை என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தீர்கள். ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருந்தால் இங்கேயிருந்து அனுப்பியிருப்பேன்.

நடந்ததைச் சொல்கிறேன். போன வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் மேலே மழை, கீழே கடல் ஏற்றம், இரண்டும் பேசிவைத்துக்கொண்டது போலக் கால்வாய் வழியாக வீட்டுக்குள் வந்துவிட்டன. துணி வெளுக்கிற தொழிலில் முதல் சட்டம் உங்களுக்குத் தெரியாததா, வீடே போனாலும் ஊரார் துணி போகக் கூடாது. தேய்த்து மடித்த மூட்டைகளையெல்லாம் நாலு பேரும் பரணில் ஏற்றினோம். கடைசி மூட்டையை ஏற்றிவிட்டு, அப்பாடா என்று திரும்பினால், நம் துணி இருந்த கூடை வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. அதில் மாயம்மாளின் கல்யாணச் சேலையும் உண்டு. வெள்ளாவி அடுப்பு மண்ணாகக் கரைந்தது, இஸ்திரிப் பெட்டிக்கு வைத்திருந்த சிரட்டைக் கரி முழுக்க மிதந்து ஓடிற்று, பாக்கியலக்ஷ்மியின் பத்தாம் வகுப்புப் புத்தகங்கள் கூழாகிவிட்டன. உடுத்திய துணியோடு நின்றோம் என்று சொல்வார்களே, அதேதான், அந்தத் துணியும் ஈரம்.

மூன்றாம் நாளும் அது காயவில்லை. மாயம்மாளுக்குக் குளிர்காய்ச்சல் வந்து பல் கிட்டிவிட்டது. வேறு வழியில்லாமல், நம் தொழிலில் எவனும் ஒப்புக்கொள்ளாத காரியத்தைச் செய்தோம். பரணிலிருந்து எடுத்து உடுத்தினோம். கைக்கு அகப்பட்டது எனக்கு வக்கீல் வெங்கிடராமனின் பட்டு ஜிப்பா, உங்கள் தங்கைக்கு ஒரு டாக்டரம்மாவின் சரிகைச் சேலை. மடிப்பு கத்தியாக நின்றது. தேய்த்த கை நம்முடையதல்லவா என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்துத்தான் வில்லேஜ் ஆபீசர் சேதம் எழுத வந்து சேர்ந்தார்.

முழங்கால் தண்ணீரில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "இவிடெ கல்யாணமாணோ?" என்று கேட்டார். "இல்ல சாரே, வெள்ளம்" என்றேன். பரணைக் காட்டி, என் ஜிப்பாவைக் காட்டி, "இதொக்கெ ஆருடெ துணியா?" என்றார். மச்சான், அந்த நேரத்தில் நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? வெளுக்கப் போட்ட ஜிப்பாவை அழகர் மாட்டிக்கொண்டு நிற்கிறான் என்று ஊருக்குத் தெரிந்தால், அப்புறம் ஒரு கைக்குட்டையாவது நம் வாசலுக்கு வருமா? "எல்லாம் நம்மளுதுதான் சாரே" என்று சொல்லிவிட்டேன். "நல்ல ஸ்திதியாணல்லோ" என்று நம் வசதியைப் பார்த்து மனசாரச் சந்தோஷப்பட்டு, நிவாரணப் பட்டியலில் நம் பெயரை அடித்துவிட்டு, எனக்கு ஒரு கும்பிடும் போட்டுவிட்டுப் போனார். இந்த ஊருக்கு வந்து இருபது வருஷத்தில் ஒரு ஆபீசர் எனக்குப் போட்ட முதல் கும்பிடு. அதற்கு இப்படியா விலை?

வெள்ளம் நாலே நாளில் வடிந்துவிட்டது, அது தொடங்கி வைத்ததுதான் வடிய மாட்டேன் என்கிறது. வெலிங்டன் தீவு லாட்ஜ்காரர் படுக்கை விரிப்புகளை "ஒராழ்ச்சைக்கு மாத்திரம்" வேறு ஆளிடம் கொடுத்தார், அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை. அடுப்பு கட்டாமல் துணி வெளுக்க முடியாது, துணி வெளுக்காமல் அடுப்பு கட்ட முடியாது. அதனால் பாக்கியலக்ஷ்மியின் பள்ளிக்கூடத்தை நிறுத்தி, தோப்பும்படியில் இறால் உரிக்கும் ஷெட்டுக்கு அனுப்ப முடிவு செய்துவிட்டேன். ஒரே ஒரு வருஷம்தான். அதைச் சொன்னதும் அவள் என்ன கேட்டாள் தெரியுமா? "நாலு வருஷம் முன்னாடி வெள்ளம் வந்தப்போ வீரபாண்டி அண்ணன்கிட்டயும் ஒரு கொல்லம்னுதானே பறஞ்சீங்க அப்பா? அண்ணன் இப்பவும் இஞ்சி மூட்டதானே சொமக்குது." அவளை அதட்டினேன். அதட்டிவிட்டு வெளியே போய் நின்று அழுதேன் என்பதை உங்கள் தங்கையிடம் சொல்லவேண்டாம். தாய்மாமன் சொல்லைப் பாக்கியலக்ஷ்மி தட்டமாட்டாள். படிப்பை விட்டுவிடு அம்மா என்று அவளுக்கு நாலு வரி புத்திமதி எழுதிப் போடுங்கள்.

வீட்டில் அக்காளுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. கோமதியம்மன் புண்ணியத்தில் உங்கள் பக்கம் மழையும் எங்கள் பக்கம் வெயிலும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
அழகர்

பி.கு.: மச்சான், புத்திமதி எழுத வேண்டாம். இந்தக் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பெயரை வெட்ட மலையாளத்தில் மனு வேண்டும் என்றார்கள். நான் மலையாளம் பேசுவேன், சண்டையும் போடுவேன், எழுத்து மட்டும் தெரியாது. நம் வீட்டில் அது ஒழுங்காகத் தெரிந்தவள் பாக்கியலக்ஷ்மி ஒருத்திதான். அவள் படிப்பை நிறுத்தும் மனுவை அவளையே எழுதச் சொன்னேன். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் இரண்டு பக்கம் எழுதினாள். தங்கமான பிள்ளை என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டு போனேன். தலைமையாசிரியை கமலாக்ஷி டீச்சர் அதை உரக்கப் படித்தார்கள், அதில் இருந்தது இதுதான்: பரணில் இருந்தது ஊரார் துணி, அன்று நானும் என் மனைவியும் உடுத்தியிருந்ததும் ஊரார் துணி, வெட்கத்தில் பொய் சொல்லிவிட்டேன், ஆபீசர் மறுபடியும் வந்து பார்க்க டீச்சர் சிபாரிசு செய்ய வேண்டும், வெள்ளத்தில் போன புத்தகங்களுக்குப் பதில் வேறு புத்தகம் வேண்டும், மாசச் சம்பளம் மழையில் நனையாது என்பதால் என் மகளைக் கட்டாயம் படிக்கவைப்பேன், இப்படிக்கு அழகர். எனக்கு அந்த மழையிலும் வேர்த்துவிட்டது. டீச்சர் வீட்டுத் துணியும் நம்மிடம்தான் வெளுக்க வருகிறது. இல்லை என்றால் தொழில் பிழைக்கும், ஆமாம் என்றால் பெண் பிழைப்பாள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "அழகரே, இது நிங்ஙள் பறஞ்ஞு எழுதிச்சதாணோ?" என்று கேட்டார்கள்.

"ஆமா டீச்சர், ஒரு வார்த்தை விடாம நான் சொன்னதுதான்" என்று சொல்லிவிட்டேன், மச்சான்.