ரிஹர்சல் அக்கா நடத்திய பட்ட விருந்து

கொழும்பு மாநகரத்தில் ஒத்திகை பார்க்காமல் தும்மவும் துணியாத ஒரே பிறவி எங்கள் ரிஹர்சல் அக்காதான். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. வெள்ளவத்தையில் நாங்கள் மாலை வகுப்புக்குப் போன கல்லூரியில், வரவு கூப்பிடும் விரிவுரையாளரைத் தவிர வேறு யாரும் அதைப் பாவித்ததில்லை.

பகலில் புறக்கோட்டையில் ஒரு கம்பனியில் வேலை, மாலையில் எங்களோடு கணக்கியல். எங்களைவிட நன்றாக மூத்தவர். வகுப்பில் ஒரு சந்தேகம் கேட்பதென்றாலும் முதலில் என்னை விரிவுரையாளராக நிறுத்திக் கேட்டுப் பார்ப்பார். நான் பதில் சொல்ல வாயெடுத்தால், "சிரிக்காதை. அந்தாள் இப்பிடிச் சிரிக்கமாட்டார்" என்று ஏச்சு விழும்.

பட்டமளிப்பு அன்று மாலை குடும்பங்களோடு ஒரு விருந்து வைப்போம் என்று எங்கள் வகுப்புப் பாசில் சொன்னான். ஆர் பொறுப்பு என்று அவன் கேட்டு முடிக்கவில்லை, அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

அன்று தொடங்கியது எங்கள் தலைவிதி. மண்டபத்துக்குள் நுழைய ஒத்திகை. படத்துக்குச் சிரிக்க ஒத்திகை. பிரியாவிடையில் அழுவதற்கும் ஒத்திகை, "மூக்கைச் சிந்தாதையுங்கோ, வீடியோவிலை வடிவா வராது." எல்லாவற்றுக்கும் மேலே சாப்பாட்டு ஒத்திகை. வெறும் பேப்பர் பிளேட்டோடு வரிசையில் நின்று, இல்லாத புரியாணியை இல்லாத கரண்டியால் அள்ளினோம். பாசில் திரும்பவும் வரிசையில் வந்து நின்றான்.

"டேய், இன்னும் கடைசி மேசை எடுக்கேல்லை. ரெண்டாந்தரம் இப்ப இல்லை!"

"இல்லாத சோறுதானே அக்கா?"

"இல்லாத சோத்துக்கே இந்த அவசரமெண்டால், இருக்கிற சோத்துக்கு நீ என்ன செய்வாய்?"

இந்தக் கூத்துக்கு நடுவில் இறுதிப் பெறுபேறு வந்தது. எங்களுக்கெல்லாம் பாஸ். கொட்டாஞ்சேனை நிசாந்தனுக்கு மட்டும் ஒரு பாடம் போய்விட்டது. எங்களில் பலருக்குப் பாடம் சொல்லித் தந்தவன் அவன்தான். போனை நிறுத்திவிட்டான். வகுப்பு குறூப்பிலிருந்தும் விலகிவிட்டான். விருந்துக்கு வரமாட்டான் என்று எங்களுக்கு விளங்கியது. அவனை எப்படிக் கூப்பிடுவது என்றுதான் ஒருவருக்கும் விளங்கவில்லை.

விருந்தன்று பின்னேரம் அக்கா பட்டமளிப்புக் கவுணோடேயே என்னை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனார். நிசாந்தனின் அப்பா கதவைத் திறந்தார்.

"அவன் அறையை விட்டு வெளிய வாறானில்லைப் பிள்ளை. நான் கெஞ்சிப் பாத்திட்டன்."

அக்கா அறைக் கதவில் தட்டினார். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"போங்கோ அக்கா. சனம் கேக்கும். நான் என்னெண்டு சொல்லுறது?"

"அதுக்குத்தான் வந்தனான். வெளியிலை வா, சொல்லிப் பழகுவம்."

பிறகு தாழ்ப்பாள் திறந்தது.

வெள்ளவத்தையில் விருந்து மண்டபத்துக்குத் திரும்பும் வழி முழுக்க அந்த ஓட்டோவுக்குள் நடந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அக்கா குரலைத் தடிப்பாக்கிக்கொண்டார். "இப்ப நான் உன்ரை பெரியப்பா. என்ன தம்பி, பாஸோ?"

நிசாந்தன் தலை குனிந்தான்.

"பார், நீ குனியப் பெரியப்பாவுக்குச் சந்தோசம்! தலையை நிமித்து. திரும்ப!"

பெரியப்பா போய் மாமா வந்தார். மாமா போய், மூக்கால் பேசும் பக்கத்து வீட்டு அன்ரி வந்தார். காலிமுகத்திடலைத் தாண்டும்போது நிசாந்தன் நிமிர்ந்து, "ஒரு பாடம் மிச்சம் அன்ரி, திரும்ப எழுதுறன். நீங்கள் சாப்பிட்டீங்களோ?" என்றான். சிக்னலில் நின்றபோது ஓட்டோக்காரர் திரும்பிப் பார்த்து, "மல்லி, பாஸ் த?" என்று அதே "தம்பி, பாஸோ?"வைத் தன் பங்குக்குச் சிங்களத்தில் கேட்டார். "இல்லை அண்ணை, அடுத்தமுறை" என்று அவனும் சிங்களத்திலேயே சொன்னான். சொல்லிவிட்டுச் சிரித்தான். அவன் சிரித்து நாங்கள் பார்த்து எவ்வளவு நாளாகியிருந்தது!

மண்டபத்துக்குள் காலடி வைத்ததும் யாரோ ஒரு அங்கிள் வழிமறித்தார். "தம்பி, நீரும் பாஸோ?"

"ஒண்டு மிச்சம் அங்கிள், திரும்ப எழுதுறன். நீங்கள் சாப்பிட்டீங்களோ?"

"இல்லையடாப்பா! எங்க குடுக்கினம்?" அங்கிள் புரியாணிப் பக்கம் பறந்துவிட்டார்.

குறூப் படம் எடுக்கக் கூப்பிட்டார்கள். எல்லோரும் கறுப்புக் கவுணோடு வரிசையில் நின்றோம். ஒத்திகையில் அவனுக்கென்று ஒதுக்கிய இடத்தில் நிசாந்தன் வெள்ளைச் சேட்டோடு நின்றான். அப்போதுதான் அவன் முகம் மறுபடி வாடியது. கமராக்காரர் "ரெடி" என்றார்.

"பொறுங்கோ," என்றார் அக்கா. தன் கவுணைக் கழற்றிச் சுருட்டிக் கதிரையில் போட்டுவிட்டு அவன் பக்கத்தில் போய் நின்றார்.

"என்னக்கா?" என்றேன்.

"சரியான சூடாக் கிடக்கு."

ஏசிக் குளிரில் எங்கள் பற்கள் கிட்டிக்கொண்டிருந்தன.

நிசாந்தன் அடுத்தமுறை பாஸாகி, இப்போது நல்ல வேலையில் இருக்கிறான். அன்று எடுத்த படங்கள் எத்தனையோ என் போனில் இருக்கின்றன. சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருப்பது, கவுண் இல்லாமல் இரண்டு பேர் நிற்கிற அந்த ஒன்றைத்தான்.