பிரேம்நாத்தின் இரண்டு விரல்கள்

'எனக்குத் தெரியும்' என்றொரு மனித இனம் உண்டு. உங்கள் தெருவிலும் அதற்கு ஒரு கிளை இருக்கும். பெரிய காஞ்சிபுரத்துக் கிளையின் பெயர் பிரேம்நாத். பட்டுக்கடையில் இருபது வருஷம் நின்றவர். புடவை ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே ஒரு தடவு தடவினால் போதும், ரகமும் ஜரிகையும் சொல்லிவிடுவார். அதுவரை சரி. ஆனால் இந்த இனம் கடையோடு நிற்குமா?

கடற்கரைப் பூங்காவுக்குப் போனாலும் அந்த இரண்டு விரல்களும் முன்னால் போகும்.

மனைவி ரேவதிக்கு ஒரே ஆசை, அந்தப் பூங்காவில் இருக்கும் கலங்கரை விளக்கத்து உச்சியில் நின்று கடலைப் பார்க்கவேண்டும். இதற்குமுன் மூன்று முறை வந்தும் ஏறினபாடில்லை. ஐந்து மணிக்கு மேல் யாரையும் ஏறவிடமாட்டார்கள்.

"அம்புக்குறி போட்டிருக்குதுங்க, அப்டியே போலாம்."

"போர்டு எழுதினவனுக்கு இன்னா தெரியும்? எம் பின்னாடி வா."

போனார்கள். முள்ளுக்குள் நுழைந்து, சவுக்குத் தோப்பை இரண்டு முறை வலம்வந்து, உடும்பைப் பார்த்து முதலைக்குட்டி என்று அடித்துச் சொல்லி, பறந்த மீன்கொத்திக்கு 'மயில்கழுத்துக் கலரு, சாயம் நிக்காது' என்று தீர்ப்பும் வழங்கி, ஒருவழியாகக் கலங்கரை விளக்கத்தின் அடியில் இருக்கும் கடற்கரைக்கு வந்தபோது மணி நாலேமுக்கால்.

மணலில் ஏதோ பளபளவென்று கிடந்தது. பட்டுக்கடைக்காரர் சும்மா விடுவாரா? குனிந்தார், ஓரத்தைப் பிடித்தார், தடவினார்.

"ஐயோ!"

காவலாளி தினகரன் ஓடிவந்தார். "சொறிமீன் சார், ஜெல்லி மீனு! கை வைக்காதீங்கன்னு போர்டுலயே இருக்குதே!" கடல்தண்ணீரால் கையைக் கழுவிவிட்டு, "ஒண்ணும் ஆவாது, செத்த நேரம் ஒக்காருங்க" என்றார்.

கணவர் துடித்ததைவிட மணி ஓடியதுதான் ரேவதிக்கு வலித்தது. அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஆனாலும் நிஜம் அதுதான்.

"வா, வீட்டுக்குப் போலாம்."

"நீங்க ஒக்காந்துக்கினு இருங்க. நான் மேல போறேன்."

"உன்னால ஏற முடியாது. எனக்குத் தெரியும்!"

ரேவதி ஏறினாள். மூச்சு வாங்கியது, முட்டி கெஞ்சியது, ஏறினாள். மேலே போனதும் காற்று முந்தானையைப் பறித்தது. அடேயப்பா, எவ்வளவு கடல்! அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கீழே குனிந்து பார்த்தாள். அவள் கணவர் வீங்கிய கையைத் தூக்கிக் காட்டி, அதே தினகரனுக்குச் சொறிமீனைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அவள் அவசரப்படாமல் மறுபடி கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். ஆனால் தினகரன் கையைக் கழுவியபோது, 'சொறிமீனுக்குக் கடல்தண்ணியா? அப்படிச் செய்யக்கூடாதே, எனக்குத் தெரியுமே!' என்று உங்கள் பக்கமிருந்து ஒரு முனகல் கேட்டதே, அது யாருடைய குரல்?