அப்பா மூன்றாம் மாடிக்குப் போன கதை

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். இங்கே நானும் அப்பாவும் சுகம். அங்கே நீங்களும் மாமாவும், கணவனோடு கோபித்துக்கொண்டு கணவனின் அக்கா வீட்டுக்கே வந்து தங்கிவிட்ட என் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் கடிதத்தை அம்மா தொடக்கூட மாட்டார் என்று தொலைபேசியில் சொன்னீர்கள். ஆகவே அம்மா படிப்பதற்கு வசதியாகக் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.

"குடியை விட்டவங்க குழுன்னு ஏதோ இருக்காமே, அதுல என் தம்பி போய் உட்காரட்டும். அப்புறம் உங்கம்மாவை அனுப்புறேன்" என்று உத்தரவு போட்டுவிட்டீர்கள். போடுவது சுலபம் அத்தை. நூலகத்தில் வேலை பார்க்கும் நான், யார் எதைக் கேட்டாலும் அலமாரியைக் காட்டிவிடுவேனே தவிர, யாரிடமும் போய் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள். மருந்துக் கடைக்காரரிடம் "ஒரு தோழியோட அப்பாவுக்கு" என்று ஆரம்பித்தேன். அவர் குரலைத் தாழ்த்தி, "தோழியோட அப்பா இன்னிக்கு வேலைக்குப் போனாரா?" என்று கேட்டார். அத்தோடு திரும்பிவிட்டேன். கடைசியில் வழி சொன்னது யார் தெரியுமா? அப்பா வழக்கமாகப் போகும் பாரின் மேனேஜர். "கண்ணாடிக் கடைக்கு மேல, மூணாவது மாடி. செவ்வாய்க்கிழமை சாயங்காலம். நம்ம பழைய ஆளுங்க பாதிப் பேர் அங்கதாம்மா இருக்காங்க, அன்னிக்கு இங்க ஈ ஓட்டுறேன்" என்றார். கும்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது, "அப்பா நல்ல மனுஷன், நல்லா இருக்கட்டும். ஆனா அதுக்கு முன்னாடி எங்க ஃபிரிட்ஜை ஒரு தடவை பார்த்துட்டுப் போகச் சொல்லுங்க" என்றார்.

அப்பாவை உங்களுக்குத் தெரியும். கை நடுக்கம் நிற்கும்வரை லிப்ட் கூண்டின் மேல் ஏறக் கூடாது என்று கம்பெனி அவரை உதிரிபாகக் கிடங்கில் உட்கார வைத்த பிறகு, எங்கே எது கிரீச்சிட்டாலும் அவருக்குப் பொறுப்பதில்லை. முதல் செவ்வாயன்று அந்தக் கட்டடத்து லிப்ட்டின் முன்னால் நின்று, காதை வைத்துக் கேட்டு, "ரோலர் தேய்ஞ்சு போச்சு. இதுல மனுஷங்களை ஏத்துறாங்களே!" என்றார். சட்டைப் பையிலிருந்து திருப்புளி வந்தது. எல்லாம் முடித்து அவர் நிமிர்ந்தபோது மாடியில் கூட்டமும் முடிந்து ஆட்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் மூன்றாம் மாடிவரை வந்துவிட்டார், ஆனால் கூட்ட அறைக் கதவின் கீல் சத்தம் போட்டது. அதற்கடுத்த வாரம் கீல் சத்தம் போடவில்லை, மின்விசிறி ஆடியது. அதைக் கழற்றி வராந்தாவுக்கு எடுத்து வந்து பாகம் பாகமாக விரித்துவிட்டார். உள்ளே பத்துப் பேர் வியர்க்க வியர்க்கத் தங்கள் வாழ்க்கையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

குழுவை நடத்துபவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். வாசலில் வந்து நின்று, "சார், படியிலயே நிக்காதீங்க. உள்ள வாங்க, உள்ள நிறைய இடம் இருக்கு" என்று வாராவாரம் கூப்பிட்டார். "இதோ வந்துட்டேன்" என்று அப்பாவும் வாராவாரம் சொன்னார். இதற்குள் விஷயம் பரவி, குழுவில் இருக்கும் பல் டாக்டரம்மா தன் வீட்டு இஸ்திரிப் பெட்டியைக் கொண்டு வந்தார். தையல்காரர் மெஷின் மோட்டாரோடு வந்தார். "உங்கப்பா வந்ததிலேர்ந்து கூட்டம் நல்லா சேருதும்மா. என்ன, எல்லாரும் வராந்தாவுலயே நின்னுடறாங்க" என்று கண்டக்டர் என்னிடம் வருத்தப்பட்டார்.

வீட்டில் நான் சத்தம் போட்டேன். "நான் குடிகாரன் இல்லம்மா, மெக்கானிக்" என்றார். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அவர் வீட்டில் இல்லை. எங்கே போனார் என்று நான் எழுத வேண்டியதில்லை. அம்மாவின் தட்டையும் சேர்த்துக் கழுவி வைத்துவிட்டு, இனி உங்களுக்கு என்ன பொய் எழுதுவது என்று யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இனி போன செவ்வாய். அன்றும் வராந்தாதான். திரும்பும்போது லிப்ட்டில் நாங்கள் ஐந்து பேர்: அப்பா, நான், கண்டக்டர், பல் டாக்டர், தையல்காரர். இரண்டாம் மாடியைத் தாண்டியதும் லிப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது. எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். தான் பழுது பார்த்த லிப்ட் இப்படி மானத்தை வாங்கிவிட்டதே என்று அவருக்கு முகம் வெளிறிவிட்டது, பாவம். "மணி அடிக்கலாமா?" என்றார் டாக்டர். "அடிச்சா கீழேயிருந்து கட்டட மேனேஜர் வருவாரு. வந்து என்னைத்தான் தேடுவாரு" என்றார் அப்பா. கண்டக்டர் சுவரில் சாய்ந்துகொண்டு, "வண்டி நின்னுடுச்சு, சும்மா நிக்கிறதுக்கு இன்னொரு கூட்டம் போட்டுடலாம்" என்றார். தையல்காரர் இரண்டு வார்த்தை சொன்னார். டாக்டர் சொன்னார்.

அப்பா எங்களுக்கு முதுகைக் காட்டி, பட்டன் பலகையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "கூண்டு மேல நின்னு ஒரு நட்டைத் திருகிட்டிருந்தேன். கை நடுங்கி நட்டு கீழ போயிடுச்சு. அடியில லிப்ட் குழிக்குள்ள என் கூட்டாளி குனிஞ்சு வேலை பாத்துட்டிருந்தான். அவன் காதோரமா விழுந்துது. தலையில விழலையேங்கிற சந்தோஷத்துல அன்னிக்கு ஒரு பாட்டில் வாங்கினேன்." பட்டன் ஒன்றைத் துடைத்துவிட்டு, "மறுநாள் அவன் முகத்தைப் பார்க்கப் பயந்து இன்னொண்ணு" என்றார். தையல்காரர் அப்பாவின் தோளில் இருந்த நூலிழை ஒன்றை எடுத்துவிட்டார். சற்று நேரத்தில் லிப்ட் தானாகவே கிளம்பியது. அன்று அப்பா வேறெங்கும் போகாமல் என்னோடு நேரே வீட்டுக்கு வந்தார்.

ஆகவே அத்தை, நிபந்தனை நிறைவேறிவிட்டது. "உட்காரட்டும்" என்றீர்கள்; ஐந்து பேர் ஏறிய லிப்ட்டில் உட்கார இடமில்லை, நின்றபடியேதான் பேசினார். தயவுசெய்து அதை உட்கார்ந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். மனிதர் தானாக ஒருபோதும் வாய் திறந்திருக்க மாட்டார். எல்லாப் புகழும் அந்த ஓட்டை லிப்ட்டுக்கே. அம்மாவை அனுப்பி வையுங்கள். மாமாவின் முதுகுவலியை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். உங்கள் ஆசியும், முடிந்தால் கொஞ்சம் குறைந்த திட்டும் வேண்டி,

உங்கள் தம்பி மகள்

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை உறையில் போடப் போகும்போது, அந்த லிப்ட்டைப் பற்றிக் கட்டட மேனேஜரிடம் புகார் கொடுக்கப் போகிறேன் என்றேன். அப்பா பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. "வேணாம்மா, அது நல்லாத்தான் ஓடுது. நான்தான் நிறுத்தினேன். கதவு திறந்திருந்தா நான் ஓடிடுவேன், அதான்" என்றார்.