உப்புத்தாளும் ஒரு நாவலும்

எழுத்தாளர் அன்று காலை ஒரு சபதம் எடுத்தார். சபதம் எடுப்பது அவருக்குப் புதிதில்லை. எடுத்ததை எங்கே வைத்தோம் என்று சாயங்காலம் தேடுவதும் புதிதில்லை. ஆனால் இது கொஞ்சம் பெரிய சபதம். நாவல் முடிகிறவரை நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை.

அதை மனைவியிடம் முறைப்படி அறிவிக்கப் போனார். அவள் வாசலில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. பயந்தவர்கள், பதறுகிறவர்கள், பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதிப்பவர்கள், எல்லோருக்கும் பக்கத்து சீட்டில் சாவதானமாக உட்கார்ந்து வழி சொல்லுவாள். அவள் காலடியிலும் தனியாக ஒரு பிரேக் உண்டு. அதை அவள் எப்போது மிதித்தாள் என்பது ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. நாமே நிறுத்திவிட்டோம் என்று பெருமையோடு வீட்டுக்குப் போவார்கள்.

"இன்னையிலேர்ந்து நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்" என்றார் எழுத்தாளர்.

"பாத்ரூமுக்கு?"

"அது விதிவிலக்கு."

"காலிங் பெல் அடிச்சா?"

"அதுவும் விதிவிலக்கு."

"பசிச்சா?"

"பசி உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம். அது சபதத்துக்குள்ளயே வராது."

"சரிங்க. விதிவிலக்கெல்லாம் முடிஞ்சு நேரம் இருந்தா எழுதுங்க" என்று சொல்லிவிட்டு அவள் கார் சாவியோடு கிளம்பிவிட்டாள்.

எழுத்தாளர் உட்கார்ந்தார். கதாநாயகி படகுத்துறைக்கு வந்து, படகில் ஏறுவதற்காக ஒரு காலைத் தூக்கியிருந்தாள். அடுத்த வரியில் ஏற வேண்டும். எழுத்தாளர் ஒரு வரி எழுதினார். நல்ல வரி. ரசிப்பதற்காகச் சாய்ந்தார். நாற்காலி கிரீச்சென்றது.

இவ்வளவு நல்ல வரிக்கு இவ்வளவு மோசமான பின்னணி இசையா என்று அவருக்குத் தோன்றியது. ஒரே ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் தீர்ந்தது. எண்ணெய் எதிர்வீட்டு ஸ்பானர் மாமாவிடம் இருக்கும். மாமா காலமெல்லாம் ரயில் இன்ஜின்களோடு குடும்பம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவர். அவரிடம் எண்ணெய் கேட்டால் எண்ணெயின் பூர்வீகமும் சேர்ந்து வரும்.

"எந்த இடத்துல சத்தம்? மேலயா, கீழயா?"

"கீழ, மாமா."

"கீழன்னா போல்ட். போல்ட்டைக் கழட்டாம எண்ணெய் விட்டா அது எண்ணெய்க்கே மரியாதை இல்ல."

மரியாதை தெரிந்த மனிதர் எழுத்தாளர். இரண்டு பேருமாகக் கழற்றினார்கள். போல்ட்டைத் துடைக்கப் பழைய துணி தேடியபோது இயர்போன் ஒயர் சிக்கலாகக் கிடைத்தது. கதையின் முடிச்சை அவிழ்க்க உட்கார்ந்தவர், ஒயரின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவிழ்த்த பிறகு, பாட்டு கேட்கிறதா என்று பார்க்காமல் விடுவது நியாயமில்லை அல்லவா?

மதியம் மனைவி சாப்பிட வந்தபோது நாற்காலி நான்கு கால்களையும் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு பால்கனியில் கிடந்தது.

"சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டீங்க" என்றாள். "நீங்க நாற்காலியை விட்டு எழுந்திருக்கல. அதுதான் உங்களை விட்டு எழுந்து போயிடுச்சு."

அவருடைய இந்த அலைபாயலுக்கு டாக்டர் ஒருவர் ஒரு பெயர்கூடச் சொல்லியிருந்தார். கவனக் குறைபாடு. சோம்பேறித்தனம் இல்லை, திமிர் இல்லை, மூளையின் வார்ப்பே அப்படி. கேட்டபோது எழுத்தாளருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சின்ன வயதிலிருந்து வாங்கிய திட்டெல்லாம் விலாசம் தவறி வந்தவை என்று தெரிந்தால் யாருக்குத்தான் வராது? அந்த நிம்மதியில் வீட்டுக்கு வந்து, கவனக் குறைபாட்டைப் பற்றி மட்டும் வாரக்கணக்கில் ஒரே கவனமாகப் படித்தார். நாவல் பக்கம் போகவே இல்லை.

படித்த வைத்தியங்களை எல்லாம் செய்தும் பார்த்தார். மணியடிக்கிற கடிகாரம் வாங்கினார். அது எப்போது அடிக்கும் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். போனை ஸ்பானர் மாமா வீட்டில் கொடுத்துவைத்தார். அன்று முழுக்க மாமா வீட்டிலேயே இருந்தார்.

"கவனம் சிதறுதும்மா" என்று மனைவியிடம் முறையிட்டார்.

"சிதறினா கூட்டி அள்ளிடலாம். உங்களுது ஆவியாயில்ல போகுது?"

அந்த வாரம் பதிப்பாசிரியர் அம்மாள் போன் செய்தார். அவர் கோபித்துக்கொள்கிற ரகம் இல்லை. அதுதான் பயம்.

"சார், அந்தப் பொண்ணு படகுல ஏறிட்டாளா?"

"ஏறிக்கிட்டே இருக்கா."

"போன மழைக்காலத்துலயும் ஏறிக்கிட்டேதான் இருந்தா சார். ஒரு காலைத் தூக்கிக்கிட்டு எவ்வளவு நாள்தான் நிப்பா, பாவம்?" அவர் சிரித்தார். பிறகு சிரிக்காமல் சொன்னார். "இந்த மாசத்துக்குள்ள வரலைன்னா அந்த இடத்துல வேற புத்தகம் போட்டுடுவோம். எனக்கே கஷ்டமா இருக்கு. நீங்க நல்லா எழுதறவர்."

போனை வைத்த பிறகு எழுத்தாளர் வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார். அன்று நாற்காலியும் சத்தம் போடவில்லை. இதற்கு முன் இரண்டு நாவல்கள் இப்படித்தான் பாதியில் நின்றன. இதுவும் நின்றுவிட்டால் தான் யார்? நாற்காலி ரிப்பேர் செய்கிறவர், அதுவும் அரைகுறையாக.

மனைவி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேலி செய்யவில்லை. அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள். ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் அவள் முகத்தில் வருகிற யோசனை அது.

"விட்டுடுங்க" என்றாள்.

"எதை?"

"எழுதறதை. உடம்பைக் கெடுத்துக்கிட்டு எழுதி என்ன ஆகப் போகுது? நிம்மதியா இருங்க. பின்ரூம்ல அந்தப் பெரிய மர அலமாரி இருக்கில்ல, பெயின்ட் உரிஞ்சு அசிங்கமா? அதைத் தேய்ச்சு வார்னிஷ் அடிச்சுக் கொடுங்க. போதும்."

"நாவல்?"

"நாவல் பேச்சே வேண்டாம். இந்த வீட்டுல இனிமே பேனாவைத் தொடக்கூடாது. தொட்டா நான் மனுஷியா இருக்க மாட்டேன்."

எழுத்தாளர் திடுக்கிட்டார். கல்யாணமான நாள்முதல் எழுதுங்க எழுதுங்க என்று சொன்னவள். எழுத வேண்டாம் என்று ஒருவர் சொல்லி அவர் கேட்டதே இல்லை. கேட்டதும் உள்ளுக்குள் ஏதோ ஒன்று சிலிர்த்துக்கொண்டு எழுந்தது.

மறுநாள் அவள் அவரைப் பின்ரூமில் கொண்டுபோய் விட்டாள். உப்புத்தாள் வைத்தாள். மரத்தில் குறி போட ஒரு பென்சில் வைத்தாள். அழுக்குத் துடைக்க என்று ஒரு கட்டுக் காகிதம் வைத்தாள். பயிற்சிப் பள்ளியில் மிஞ்சிய காகிதங்கள், ஒரு பக்கம் வெள்ளை.

"தேய்க்கிற சத்தம் ஹாலுக்குக் கேக்கணும். நின்னா நான் வந்து பார்ப்பேன்" என்று எச்சரித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

எழுத்தாளர் தேய்த்தார். சரக், சரக். கை தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பழைய பச்சை பெயின்ட் மாவாக உதிர்ந்தது. நல்ல வேலை. மூளைக்குச் செலவே இல்லை. அந்தச் சும்மா இருந்த மூளைக்குள், யாரும் கூப்பிடாமலே, கதாநாயகி தூக்கிய காலைப் படகுக்குள் வைத்தாள்.

எழுத்தாளர் கதவைப் பார்த்தார். பென்சிலைப் பார்த்தார். உப்புத்தாளை இடது கைக்கு மாற்றினார். இடது கை சரக் சரக்கென்று தேய்க்க, வலது கை அலமாரித் தட்டின்மேல் காகிதத்தை வைத்து எழுதத் தொடங்கியது.

என்ன ஆச்சரியம்! ஒரு கைக்கு வேலை கொடுத்ததும் மற்ற கை அடங்கி உட்கார்ந்துவிட்டது. ஓடி ஓடிப் போகிற மனசு சரக் சரக்குக்குப் பின்னாலேயே நடந்து வந்தது. ஜன்னலுக்கு வெளியே யாரோ சண்டை போட்டார்கள். எழுத்தாளர் எட்டிப் பார்க்கவில்லை. அவர் வாழ்க்கையில் எட்டிப் பார்க்காமல் விட்ட முதல் சண்டை அது.

வாசலில் சத்தம் கேட்டதும் எழுதியதைக் கீழ் டிராயரில் செய்தித்தாளுக்கு அடியில் தள்ளினார். மனைவி எட்டிப் பார்த்தாள்.

"எழுதலையே?"

"சே, எழுத்தா? யாருக்கு வேணும்?"

"சத்தியமா?"

"இந்த அலமாரி மேல சத்தியமா."

அவள் போன பிறகு அவருக்கு உடம்பெல்லாம் ஒரு குதூகலம். கல்லூரி நாளில் கிளாஸைக் கட்டடித்துவிட்டு சினிமாவுக்குப் போன குதூகலம். திருட்டுத்தனமாக எழுதுவதில் இருக்கிற ருசி, உரிமையோடு எழுதுவதில் இல்லவே இல்லை என்று கண்டுகொண்டார். காலையில் அவளுக்கு முன்னால் எழுந்து உப்புத்தாளைத் தேடினார்.

ஒருநாள் ஸ்பானர் மாமா ஸ்பானரோடு வந்தார்.

"நாற்காலி எப்படி இருக்கு மாப்ளே? அந்த போல்ட்டை இன்னொரு தடவை..."

"அப்புறம் மாமா. இப்ப பெரிய வேலையில இருக்கேன்."

"என்ன வேலை?"

"தேய்க்கிற வேலை."

மாமா கவலையோடு திரும்பிப் போனார். படிக்கட்டில் ஏறி வந்துகொண்டிருந்த மனைவியிடம், "மாப்ளே முகத்துல ஒரு தெளிவு தெரியுதும்மா. டாக்டர்கிட்ட காட்டிடேன்" என்று சொன்னது எழுத்தாளருக்கும் கேட்டது.

படகு நடு ஆற்றுக்குப் போனது. கவிழப் பார்த்தது, நிமிர்ந்தது. கதவுகள் முடிந்து அலமாரியின் பக்கவாட்டுக்கு வந்தபோது கதாநாயகி அக்கரையில் தன் அப்பாவைக் கண்டுபிடித்தாள். முதுகுப் பக்கத்தைத் தேய்க்கும்போது அவரை மன்னித்தாள். அந்த இடத்தில் எழுத்தாளர் கொஞ்சம் அழுதார். கண்ணில் மரத்தூள் என்று மனைவியிடம் சொன்னார். அவள் துணியை நனைத்துக் கொண்டுவந்து ஒற்றிவிட்டாள். இப்படி ஒரு வெள்ளந்தியை ஏமாற்றுகிறோமே என்று அவருக்குச் சற்று உறுத்தியது. உறுத்தலோடு போய் அடுத்த அத்தியாயத்தை எழுதினார்.

மாதம் முடிவதற்குள் ஒரு முற்பகலில் நாவல் முடிந்தது. அலமாரி தேய்ந்து தேய்ந்து, தேன் நிறத்தில், மரத்தின் ரேகைகள் எல்லாம் தெரிய நின்றது. கடைசி வரிக்குக் கீழே 'முற்றும்' என்று எழுதிவிட்டு எழுத்தாளர் அறைக்குள்ளேயே ஒரு சுற்று ஆடினார். இடது கை இன்னும் காற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

காகிதக் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தார். மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோபப்படக் கூடாது."

"சொல்லுங்க."

"நான் எழுதிட்டேன்."

"என்னத்தை?"

"நாவலை. முழுசா. இவ்வளவு நாளும் நான் தேய்ச்சது இடது கையால. வலது கையால உன்னை ஏமாத்திக்கிட்டிருந்தேன்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். வாயைப் பிளந்தாள். கன்னத்தில் கை வைத்தாள்.

"என்கிட்டயா? பக்கத்துலயே இருந்தும் எனக்குத் தெரியலையே."

"தெரியாது. எழுத்தாளன் மனசுக்குள்ள என்ன ஓடுதுன்னு யாராலயும் கண்டுபிடிக்க முடியாதும்மா."

"பெரிய ஆள்தாங்க நீங்க" என்றாள் அவள், கண்கள் நிஜமாகவே கலங்க. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "மரத்தூளா இருக்கீங்க. அதை அங்க வெச்சிட்டு முதல்ல குளிச்சிட்டு வாங்க" என்றாள்.

"குளியல் கிடக்கட்டும்" என்று எழுத்தாளர் போனை எடுத்தார். இந்த வெற்றியை இன்னொருவரிடமும் சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். பதிப்பாசிரியர் அம்மாள் முதல் மணியிலேயே எடுத்தார்.

"அம்மா, உங்களுக்கு ஒரு அதிர்ச்சி வெச்சிருக்கேன். நாவல் முடிஞ்சிடுச்சு. ஒருத்தருக்கும் தெரியாம எழுதி முடிச்சிட்டேன்."

"பிரமாதம் சார். அப்பாவை மன்னிக்கிற இடத்துல எங்க ஆபீஸ்ல எல்லாருமே அழுதுட்டோம். அச்சுக்கோக்கிறவர் சாப்பிடப் போகல."

எழுத்தாளர் மார்போடு அணைத்திருந்த கட்டைக் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அவள் மிகுந்த கவனத்தோடு வெண்டைக்காய்க்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"நீங்க எப்படி..."

"உங்க வீட்டம்மா அத்தியாயம் அத்தியாயமா போட்டோ எடுத்து அனுப்பிக்கிட்டே இருக்காங்களே சார். கடைசி அத்தியாயம் மட்டும்தான் பாக்கி, நீங்க பாத்ரூமுக்குள்ள போனதும் அனுப்பறேன்னாங்க. அச்சகத்துல ஆள் காத்துக்கிட்டிருக்காங்க, கொஞ்சம் சீக்கிரமா குளிக்கப் போங்க சார்."