முகவரி சொல்லாத வீட்டு விருந்து

பெல்கிரேட்,
புனித ஜார்ஜ் திருநாளுக்கு மறுநாள் காலை

பெருமதிப்பிற்குரிய ரதோய்கா அக்காவுக்கு, தம்பி ஜிவாதின் வணங்கி எழுதுவது. இங்கு நானும் என் வீட்டுக்காரி தோப்ரிலாவும் சுகம். அங்கு சாச்சாக்கில் தாங்களும், தங்கள் முழங்காலும், கோழிகளும், தம்பி மிலோமிர் குடும்பமும் சுகமாயிருக்க நம் குலத்துப் புனிதர் ஜார்ஜ் அருள்வாராக. மிலோமிரை விசாரித்ததாகச் சொல்லவும். ரொம்ப விசாரித்ததாகச் சொல்ல வேண்டாம்.

நிற்க. போன மாதம் நாங்கள் வீடு மாறி இங்கே வந்ததும் தாங்கள் தொலைபேசியில் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. "ஊரை விட்டுப் போனவன் வீட்டு ஸ்லாவா விருந்துக்கு எவன்டா வருவான்? நம்ம புனிதர் நாளன்னிக்கு ஒரு ஆள்கூட உன் வாசப்படி ஏறலேன்னா, அப்பா வச்சுக் கும்பிட்ட படத்த மிலோமிர்கிட்ட குடுத்துட்டு, நீ அவன் வீட்ல விருந்தாளியா வந்து உக்காரு!" என்றீர்கள். நானும் ரோஷத்தில் "சரி, பார்த்துடலாம்" என்று வாயை விட்டுவிட்டேன். மூத்த மகன் கையில் அப்பா கொடுத்த படம் அது. அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தம்பி வீட்டு ஆணியில் மாட்டுவதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தோப்ரிலாவும் சும்மா இருக்கவில்லை. "உறவுக்காரங்களுக்குத் தெருப் பேரையாவது சொல்லித் தொலைங்களேன்" என்று தினமும் பிடுங்கி எடுத்தாள். "உனக்கென்ன பைத்தியமா? திருநாள் நெருங்குற நேரத்துல முகவரி சொன்னா அதுக்குப் பேரு அழைப்பு! ஸ்லாவாவுக்கு ஆள் கூப்பிட்டவன்னு நம்ம வம்சத்துல எவனாவது உண்டா? வர்றவங்க தானா வருவாங்க" என்று சொல்லிவிட்டேன். தங்களிடம் பேட்டைப் பெயர்கூட வேறொரு பேச்சில் தவறி வாயில் வந்ததுதான். அதற்கே எனக்கு இரண்டு நாள் வெட்கமாக இருந்தது.

ஆகவே நேற்று, முறைப்படி பாதிரியார் வந்து ரொட்டியை வெட்டி ஆசீர்வதித்துவிட்டுப் போனார். பெரிய மெழுகுவர்த்தியை ஏற்றினேன். கதவைத் திறந்து வைத்தேன். தோப்ரிலா ஒரு பட்டாளத்துக்குச் சமைத்திருந்தாள். ஆட்டுக்குட்டி வறுவல், கோஸ் இலையில் சுற்றிய கறி, கேக்குக்கு மட்டும் ஒரு மேஜை. நான் கோட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன், நின்றேன், நின்றுகொண்டே இருந்தேன். கீழ் மாடிப் பூனைகூட எட்டிப் பார்க்கவில்லை. "சூப் ஆறுது" என்றாள் தோப்ரிலா. அக்கா, மறைப்பானேன், எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த நேரத்தில்தான் படியில் மூச்சிரைக்கும் சத்தம். முதுகில் மூட்டை, கண்ணெல்லாம் சிவப்பு, முடி கலைந்து, ஒரு பெண் தள்ளாடிக்கொண்டு உள்ளே வந்தாள். இனேஸ் என்று பெயராம், போர்ச்சுகல்காரி, தனியாக ஊர் சுற்ற வந்தவள், ராத்திரி முழுக்கப் பேருந்தில் உட்கார்ந்தபடியே வந்திருக்கிறாள். ஆறாம் மாடியில் திஹோமிர் வாடகைக்கு விடும் அறைக்குப் போக வேண்டியவள், லிஃப்ட் பழுதானதால் ஏறி வந்து, ஐந்தாம் மாடியோடு உயிர் போய், அதுதான் அந்த அறை என்று எண்ணித் திறந்திருந்த நம் கதவில் நுழைந்துவிட்டாள். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அப்போது எப்படிக் கேட்பது? ஸ்லாவா வீட்டுக்குள் வந்தவரை "நீ யார், எதற்கு வந்தாய்?" என்று கேட்டால் புனிதர் படத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டாரா?

அவள் ஏதோ பேச, அவள் கைபேசி நம் மொழியில் பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி சொன்னது: "வணக்கம். நான் மிகவும் களைப்படைந்துள்ளேன். காலை உணவும் உண்டல்லவா?"

"அடக் கடவுளே, கொழந்த இன்னும் சாப்பிடவே இல்லையாம்!" என்று தோப்ரிலா பாய்ந்தாள். முறைப்படி முதலில், வேகவைத்து இனிப்புச் சேர்த்த புனிதக் கோதுமையை நீட்டினோம். நம்மவர்கள் சிலுவை போட்டுக்கொண்டு ஒரு கரண்டி எடுப்பார்கள். இவள் பாத்திரத்தையே வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வழித்துச் சாப்பிட்டுவிட்டாள். ஊர் முழுக்க வரும் என்று வைத்திருந்த கோதுமை! தோப்ரிலா என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது போர். அவர்கள் ஊரில் தட்டில் மிச்சம் வைப்பது மரியாதை இல்லையாம். நம் வீட்டில் விருந்தாளியின் தட்டு காலியாக இருப்பது மரியாதை இல்லை. அவள் காலி செய்ய, தோப்ரிலா நிரப்ப, இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. நடுநடுவே கைபேசி, "நான் கோட்டையைப் பார்க்க விரும்புகிறேன்" என்று கெஞ்சியது. "கோட்டை எங்கடி ஓடிப் போகுது? கேக் சாப்பிடு" என்றாள் தோப்ரிலா. கடைசியில் பாவம் பார்த்து அவளைப் பால்கனிக்குக் கூட்டிப்போய், "அந்தப் பச்சைக் கட்டடத்துக்குப் பின்னாடி கோட்டை. அதுக்குப் பின்னாடி ஆறு. பார்த்தாச்சா? உள்ள வா, எதிர்க்காத்து அடிக்குது, கழுத்து பிடிச்சுக்கும்" என்று கதவைச் சாத்திவிட்டாள். பயணி முதல் நாளில் பார்த்த பெல்கிரேட் அவ்வளவுதான். திரும்பி வந்து சோபாவில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனாள்.

பிறகு திஹோமிர், "என் அறைக்கு வர வேண்டிய பொண்ணக் காணோம்" என்று பதறிக்கொண்டு வந்தான். மெழுகுவர்த்தியைப் பார்த்ததும் சட்டென்று சிலுவை போட்டுக்கொண்டு, "ஸ்லாவா வாழ்த்து, வீட்டுக்காரரே!" என்றான். சொன்ன பிறகு உட்காராமல் போக முடியுமா? கோதுமைதான் இல்லை, பிளம் சாராயத்தில் ஆரம்பித்தோம். புருஷனைக் காணோம் என்று அவன் மனைவி வந்தாள். அவளும் உட்கார்ந்தாள். மகளைக் காணோம் என்று மாமியார் வந்தாள். திஹோமிர் முதலிலேயே போலீசுக்குச் சொல்லியிருந்தானாம், ஒரு போலீஸ்காரர் வந்து தொப்பியைக் கழற்றிவிட்டு, "காணாமப் போனது யாரு?" என்றார். எல்லாரும் சோபாவைக் காட்டினார்கள். "சத்தம் போடாதீங்க, நல்லாத் தூங்குது" என்று கிசுகிசுத்துவிட்டு அவரும் ஆட்டுக்குட்டிப் பக்கம் நாற்காலியை இழுத்தார். இருட்டுகிறவரை பாட்டும் சிரிப்பும்தான். எழுந்த இனேஸை மறுபடி சாப்பிட வைத்தோம்.

அக்கா, தாங்கள் சொல்வது எனக்குத் தெரியும். "அவங்க தேடி வந்தது அந்தப் பொண்ண, உன்ன இல்லடா" என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். நம் சொந்தத்தில் ஒரு முகம்கூட இல்லை, அது எனக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனால் வாசப்படி ஏறியவர் விருந்தாளி. அவ்வளவுதான் சட்டம். ஆகவே படம் என்னிடமே இருக்கும் என்பதைத் தாழ்மையுடனும் உறுதியுடனும் தெரிவித்துக்கொள்கிறேன். மீறிக் கேட்டால் நான் சாச்சாக் பக்கமே தலைகாட்ட மாட்டேன்.

தங்களுக்கும் கோழிகளுக்கும் நீண்ட ஆயுளையும், மிலோமிருக்கு நல்ல புத்தியையும் புனிதர் தருவாராக.

என்றும் கீழ்ப்படிதலுள்ள (படம் விஷயம் தவிர)
தம்பி ஜிவாதின்

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போட்டு நாக்கால் ஒட்டிக்கொண்டிருந்தபோது மணி அடித்தது. இதை எழுதும் இந்த நிமிடம், அக்கா, தாங்கள் எங்கள் சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

தோப்ரிலா எழுவதற்குள் தப்பித்துக் கோட்டை பார்க்கக் கிளம்பிய இனேஸ், தெருமுனை பெஞ்சில் தாங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்ததைக் கண்டாளாம். களைத்தவர்களுக்கு இந்த ஊரில் அவளுக்குத் தெரிந்த இடம் ஒன்றுதானே! கோட்டையை விட்டுவிட்டுத் தங்களைக் கையைப் பிடித்து ஐந்து மாடியும் ஏற்றிக் கொண்டுவந்துவிட்டாள். தங்களைப் பார்த்ததும் நான் சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். எழுந்த பிறகு அதைச் சொல்லிக் காட்ட வேண்டாம்.

"முகவரி கேட்டா அழைப்புக் கேட்ட மாதிரி ஆயிடும்னு கேக்கலடா" என்றீர்கள். நேற்றுக் காலையே தனியாகப் பேருந்து ஏறி வந்து, இந்தப் பேட்டையில் ஜார்ஜ் திருநாளுக்குத் திறந்திருந்த கதவிலெல்லாம் நுழைந்தீர்களாம். நுழைந்த வீட்டிலெல்லாம் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார்களாம். யார் என்று ஒருவரும் கேட்கவில்லையாம். கடைசி வீட்டில் படுக்கையும் போட்டுக் கொடுத்தார்களாம்.

"அப்ப படம், அக்கா?" என்று பயந்துகொண்டே கேட்டேன்.

தோப்ரிலா நீட்டிய தட்டைத் தள்ளிவிட்டுத் தாங்கள் சொன்னீர்கள்: "நேத்து உன் வீட்டுக்கு நம்ம ஆளு யாரும் வரலேன்னு எவன்டா சொன்னான்? நான் நேத்தே வந்துட்டேன். உன் கதவு கிடைக்கத்தான் ஒரு நாள் ஆச்சு."